சாப் வேறு, ப்ளோக் வேறு

இங்கிலாந்தின் நடுவில் இருக்கும் ஹார்ல்பரி ரயில் சந்திப்பில், இரண்டாம் பிளாட்பாரத்து டீக்கடையில், எனிட் பாப்ஜாய் நாற்பத்து நான்கு வருஷம் நின்றாள். நின்றாள் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கவுண்டருக்குப் பின்னால் ஒரு முக்காலி இருந்தது. அதில் பன் தட்டுதான் உட்கார்ந்திருக்கும். 1937இல் பதினாறு வயதில் வெள்ளை ஏப்ரன் கட்டியவள் 1981இல்தான் அவிழ்த்தாள். அதற்குள் ஒரு உலகப் போர் வந்து போனது, ஏழு ஸ்டேஷன் மாஸ்டர்கள் ஓய்வு பெற்றார்கள், பாய்லர் இரண்டு முறை மாறியது.

அவ்வளவு காலத்தில் கவுண்டருக்கு வந்துபோன ஆண்களுக்குக் கணக்கில்லை. ஆனால் அவர்களுக்கு வகை இருந்தது. நம்மிடம் ஆள், ஆசாமி, பேர்வழி, புள்ளி என்றெல்லாம் இருப்பதுபோல அந்த ஊரில் ஜென்ட், சாப், ப்ளோக், கீஸர் என்று இருந்தன. ஊரார் வாய்க்கு எது முதலில் வந்ததோ அதைச் சொன்னார்கள். எனிட் ஆளைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

ஜென்ட் என்பவர் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் டீ கேட்பார். அப்படிப்பட்டவர் வருஷத்துக்கு நாலைந்து பேர் வந்தால் அதிகம். அதிலும் இரண்டு பேர் ரயில் மாறி ஏறி வந்தவர்களாக இருப்பார்கள். சாப் டீயை வாங்கும்போது முகத்தைப் பார்த்து நன்றி சொல்வான். ப்ளோக்கும் நன்றி சொல்வான், ஆனால் கோப்பையைப் பார்த்துச் சொல்வான். கீஸர் என்றால் குளியலறையில் வெந்நீர் போடுகிற சாமான் இல்லை. எதுவுமே சொல்லாமல், கரண்டியைக் கோப்பைக்குள்ளேயே விட்டு உறிஞ்சிவிட்டு, ஈரக் கையால் கவுண்டரைத் தட்டி இன்னொன்று கேட்கிற மனிதன். அவளுடைய அப்பா காலத்தில் கோவ் என்று ஓர் இனமும் இருந்ததாம். எனிட் வேலைக்கு வருவதற்குள் அது அற்றுப்போய்விட்டது. கடைசி கோவ் முதல் உலகப் போருக்கு முன்னாலேயே செத்திருக்க வேண்டும் என்பது அவள் அபிப்பிராயம்.

இந்த விஷயத்தில் அவள் தவறியதே இல்லை என்று போர்ட்டர்கள் சொல்வார்கள். பிளாட்பாரத்தில் யாராவது குடையை விட்டுவிட்டுப் போனால், எந்த ரயிலில் போன எந்த ஆள் என்று தேடுவதற்கு முதலில் எனிட்டிடம்தான் வருவார்கள். "அது சாப்போட குடை. திரும்ப வருவான், எடுத்து வை" என்பாள். மறுநாள் ஒருவன் முகமெல்லாம் சிவந்து வந்து நிற்பான். முப்பத்தேழு வயதுவரை கல்யாணம் ஆகாததற்கும் இந்தப் பழக்கம்தான் காரணம் என்று அவள் தங்கை குறைப்பட்டுக்கொண்டாள். கேட்டு வந்த இரண்டு பேரையும் எனிட் டீக் கோப்பையோடு பார்த்திருந்தாள்.

1958 செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை பிற்பகல் அந்தப் பிளாட்பாரத்தில் ஒரு கூடை காணாமல் போனது. கசாப்புக் கடை பெர்சி கெட்ஜ், பன்னிரண்டு பந்தயப் புறாக்களைப் பிரம்புக்கூடையில் போட்டு, சனிக்கிழமைப் போட்டிக்காகத் தெற்கே அனுப்பக் கொண்டுவந்து வைத்திருந்தார். நாலு மணி ரயில் வந்தபோது கூடை இல்லை.

கெட்ஜ் நேராகப் போலீசுக்குப் போய், தேடவே வேண்டாம், சிரில் டிரான்டர்தான் எடுத்தான் என்றார். சிரில் வீடு வீடாக நிலக்கரி மூட்டை போடுகிறவன். அவனும் புறா வளர்த்தான். அந்த வருஷம் ஜூன் போட்டியில் அவனுடைய சாம்பல் நிறப் பெட்டை கெட்ஜின் சேவலை மூன்று நிமிஷ வித்தியாசத்தில் முந்தியது. புறா வந்த நேரத்தைப் பதிகிற கடிகாரத்தில் ஏதோ செய்துவிட்டான் என்று கெட்ஜ் சொல்ல, கசாப்புக் கடைக்காரன் புறாவுக்குத் தன் கதி தெரிந்திருக்கும், அதனால்தான் வீட்டுக்கு வரத் தயங்கியது என்று சிரில் சொல்ல, அதிலிருந்து இருவரும் பேசிக்கொள்வதில்லை. அந்த வியாழக்கிழமை டீக்கடை அடுப்புக்கு நிலக்கரி போட சிரில் பிளாட்பாரத்துக்கு வந்திருந்தான். கான்ஸ்டபிளுக்கு அது போதுமானதாக இருந்தது.

கூடையை ஒருவன் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்தவள் எனிட் ஒருத்திதான். அதையும் நன்றாகப் பார்க்கவில்லை. பாய்லர் ஆவியில் ஜன்னல் கண்ணாடி மங்கியிருந்தது. முதுகும் ஒரு கறுப்புக் கோட்டும்தான் தெரிந்தன. சிரிலும் கறுப்பாகத்தான் இருந்தான், நிலக்கரியால். கான்ஸ்டபிள் வந்து கேட்டபோது, ஒரு சாப் தூக்கிக்கொண்டு போனான் என்று சொன்னாள். அவன் அதை, 'ஒரு ஆண் நபர் கூடையை எடுத்துச் சென்றதைக் கண்டேன்' என்று எழுதிக்கொண்டான். நபர் என்று நான் சொல்லவில்லையே என்றாள். போலீஸ் ஸ்டேஷனில் அப்படித்தான் எழுதுவோம் என்றான். வரிசையில் ஆறு பேர் டீக்குக் காத்திருந்ததால் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து வழக்கு வந்தது. புறா வளர்ப்பவர்கள் எல்லாம் வேலைக்குப் போகாமல் வந்ததில் கோர்ட் நிரம்பிவிட்டது. மேடையில் மூன்று மாஜிஸ்ட்ரேட்டுகள்: நடுவில் கர்னல் ஃபென்விக், ஒரு பக்கம் தொப்பிக் கடை வைத்திருந்த மிஸஸ் லார்க்கம், மறுபக்கம் ரயில்வே யூனியன்காரர் டாம் பெடோஸ். வழக்கை நடத்தியவர் இன்ஸ்பெக்டர் மோக்ஸன். சிரிலுக்கு வக்கீல் இல்லை. சட்டையை மட்டும் இரவல் வாங்கியிருந்தான்; கழுத்துப் பட்டன் இறுக்கியதால் தலையைத் தூக்கிக்கொண்டே நின்றதில் கொஞ்சம் திமிர் பிடித்தவனாகத் தெரிந்தான்.

இன்ஸ்பெக்டர் எனிட்டைக் கூண்டில் ஏற்றி, கூடையை எடுத்த நபர் இங்கே நிற்கிறாரா என்று கேட்டார். எனிட் சிரிலை ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"இவரு இல்லைங்க. இவரு ப்ளோக். நான் பாத்தது சாப்."

எழுதிக்கொண்டிருந்த கிளார்க் பேனாவை நிறுத்தினார். முகத்தைப் பார்த்தீர்களா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். இல்லை என்றாள். முகத்தைப் பார்க்காமல், முதுகை மட்டும் பார்த்து, அதுவும் ஆவி படிந்த ஜன்னல் வழியாகப் பார்த்து, அவன் இன்ன வகை என்று எப்படிச் சொல்ல முடியும் என்று அவர் ஒவ்வொன்றாக நிறுத்திக் கேட்டார்.

"கூடையைத் தூக்கித் திரும்பினப்ப தபால் மூட்டை மேல இடிச்சுக்கிட்டாருங்க. உடனே மூட்டையைப் பாத்து மன்னிச்சுக்கோங்கன்னாரு. கதவு தெறந்திருந்துச்சு, என் காதுலயே விழுந்துச்சு. ப்ளோக்கா இருந்தா மூட்டையை ஒரு எத்து எத்தியிருப்பாரு. கீஸரா இருந்தா மூட்டையையும் சேத்துத் தூக்கிட்டுப் போயிருப்பான்."

பின்வரிசையில் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. சாப் என்றாலும் ப்ளோக் என்றாலும் ஆண் என்றுதான் பொருள், வேறு வித்தியாசம் கிடையாது என்று அவர் மாஜிஸ்ட்ரேட்டுகளிடம் சொன்னார். அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் வழக்கு அவர் கையை விட்டுப் போயிருக்காது. வித்தியாசம் உண்டு என்பதில் மேடையில் இருந்த மூவருக்கும் சந்தேகமே இல்லை. அது என்ன வித்தியாசம் என்பதில்தான் தகராறு.

தன் படையில் இருந்தவனெல்லாம் சாப், அடுத்த படையில் இருந்தவன் ஃபெல்லோ, இதில் குழப்பத்துக்கே இடமில்லை என்றார் கர்னல். மனைவிக்குத் தொப்பி வாங்கத் தானே கடைக்கு வருகிறவன் சாப், மனைவியை அனுப்பிவிட்டு வெளியே நின்று புகைப்பவன் ப்ளோக் என்றார் மிஸஸ் லார்க்கம். பெடோஸுக்குக் கோபம் வந்துவிட்டது. சாப் என்பது முதலாளி வீட்டுப் பிள்ளைகள் தங்களுக்குள் கூப்பிட்டுக்கொள்வது. உழைத்துச் சாப்பிடுகிறவன் ப்ளோக். தானும் ஒரு ப்ளோக்தான், அதை ஏதோ குற்றம்போல இந்த மேடையில் பேச வேண்டாம் என்றார். குற்றமென்று யார் சொன்னது என்று மிஸஸ் லார்க்கம் கேட்டார். கிளார்க் எழுந்து, சட்டப் புத்தகத்தில் இரண்டுமே இல்லை என்று பணிவாகத் தெரிவித்தார். அவரை யாரும் கவனிக்கவில்லை.

கர்னல் எனிட் பக்கம் திரும்பினார்.

"சரிம்மா, உங்க கணக்குல நான் என்ன?"

எனிட் பதில் சொல்லத் தயங்கினாள். சத்தியம் செய்துவிட்டுத்தானே நிற்கிறீர்கள், சொல்லுங்கள் என்றார்.

"ப்ளோக்குங்க ஐயா. போன நவம்பர்ல லண்டன் வண்டிக்குக் காத்திருந்தப்ப ரெண்டு டீ குடிச்சீங்க. ரெண்டு தடவையும் கோப்பைக்குத்தான் நன்றி சொன்னீங்க."

கோர்ட்டில் சத்தம் அடங்கச் சிறிது நேரம் ஆயிற்று. பெடோஸ் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். கர்னலின் மீசை அசைந்தது. அது கோபமா வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. அன்றைக்குத் தன் கால் விரலில் வாதம் இருந்தது என்று மட்டும் சொன்னார், அதைக் குறிப்பில் எழுத வேண்டாம் என்று கிளார்க்கிடமும் சொன்னார்.

அப்போதுதான் பார்வையாளர் பகுதியில், தூணுக்குப் பக்கத்தில், கறுப்புக் கோட்டு போட்ட ஒல்லியான மனிதர் ஒருவர் எழுந்தார். எழும்போது முன்னால் இருந்த காலி நாற்காலியில் முழங்கால் இடித்தது. நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, "அது நான்தாங்க" என்றார். எனிட் இன்ஸ்பெக்டரைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

அவர் அலெக் விண்டர்போர்ன், புனித மைக்கேல் கோயிலுக்குப் புதிதாக வந்திருந்த உதவிப் பாதிரியார். அறுவடை விழாத் தேநீர் விருந்துக்காகப் பக்கத்து ஊர்க் கோயிலிலிருந்து கூடை நிறையப் பீங்கான் கோப்பைகள் ரயிலில் வரும் என்று அவரை அனுப்பியிருந்தார்கள். பிளாட்பாரத்தில் இரண்டு கூடைகள் இருந்தன. அருகில் இருந்ததை எடுத்துக்கொண்டு போனார். கூடைக்குள் சத்தம் கேட்கவில்லையா என்று இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு, கேட்டது, பீங்கான் உரசுகிறது என்று நினைத்து மெதுவாக நடந்தேன் என்றார். கோயில் மண்டபத்தில் மூடியைத் திறந்ததும் கோப்பைகள் எழுந்து பறந்தன. மண்டபத்தை நாலு சுற்றுச் சுற்றி, ஜன்னல் வழியாகப் போய்விட்டன. வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது, என்ன சொல்வது என்று தெரியவில்லை, காலிக் கூடையை அங்கி வைக்கும் அலமாரியில் மறைத்துவிட்டேன். இவருக்குத் தண்டனை கிடைக்கிற மாதிரி இருந்தால் எழுந்து சொல்லிவிடத்தான் வந்தேன், இந்த அம்மாவுக்கு இவ்வளவு தெரியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை என்றார்.

கர்னல் சற்று யோசித்துவிட்டுக் கெட்ஜை எழுந்திருக்கச் சொன்னார். அது பந்தயப் புறாதானே, பந்தயப் புறா திறந்துவிட்டால் எங்கே போகும் என்று கேட்டார்.

வீட்டுக்குத்தான் என்றார் கெட்ஜ்.

"உங்க வீட்டுக்கு எப்ப வந்துச்சு?"

"அன்னைக்கு அஞ்சு மணிக்கெல்லாம் வந்துடுச்சுங்க. ஆனா கூடை வரலைங்களே."

வழக்கு அத்தோடு முடிந்தது. கெட்ஜிடம் கர்னல் சொன்ன நாலு வார்த்தைகளைக் கிளார்க் எழுதவில்லை. ஆனால் ஊர் முழுக்க மனப்பாடமாக இருந்தது. சிரில் விடுதலையாகி, முதல் வேலையாகக் கழுத்துப் பட்டனைக் கழற்றினான்.

அடுத்த நாள் டீக்கடைக்கு வந்தான். நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறான் என்று எனிட் ஒரு பன்னை எடுத்துத் தட்டில் வைத்தாள். அவன் பன்னைத் தொடவில்லை.

"ஊரே கூடியிருக்கறப்ப என்னை ப்ளோக்னு சொல்லிட்டியேம்மா."

அதனால்தான் ஜெயிலுக்குப் போகாமல் நிற்கிறாய் என்று அவள் ஞாபகப்படுத்தினாள். அது சரிதான், ஆனாலும் கூடையைத் தூக்கிக்கொண்டு போனவன் சாப், ஒன்றும் செய்யாமல் நிலக்கரி போட்டவன் ப்ளோக், இது என்ன நியாயம் என்று கேட்டான். எனிட் டீயைக் கொடுத்தாள். அவன் அவள் முகத்தைப் பார்த்து நன்றி சொன்னான். பார்த்ததில் டீ சட்டையில் கொட்டியது.

அன்று தொடங்கி சிரில் பாடுபட்டான். அவனுடைய சுற்றில் டீக்கடை வியாழனுக்கு ஒருமுறைதான். இப்போது தினமும் வந்தான். தொப்பியைக் கழற்றினான், கழற்றிய இடத்தில் நெற்றி மட்டும் வெள்ளையாக இருந்தது. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றதில் எட்டரை மணி ரயிலிலிருந்து இறங்கியவர்கள் அத்தனை பேரும் உள்ளே போனார்கள், குளிர் காற்றும் அவர்களோடு போனது. தள்ளுவண்டியிடமும் விளக்குக் கம்பத்திடமும் மன்னிப்புக் கேட்டான். சில நாள் இடிப்பதற்கு முன்பே கேட்டான். நிலக்கரி போடுகிற வீடுகளில், சிரிலுக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்கள்.

இப்படி ஐந்து மாதம் போனது. மார்ச்சில் ஒருநாள் பெய்த மழையில் டீக்கடைக் கூரை பிய்த்துக்கொண்டது. பாய்லர் மேலேயே தண்ணீர் ஒழுகியது. கடையில் அப்போது எனிட் கணக்குப்படி மூன்று சாப்கள் இருந்தார்கள். மூவரும் மிகவும் வருத்தம் தெரிவித்தார்கள். ஒருவர் குடையை விரித்து அவளிடம் நீட்டினார். சிரில் உள்ளே வந்து, யாரிடமும் எதுவும் கேட்காமல், கவுண்டர் மேல் ஏறி, நிலக்கரிச் சாக்கைக் கிழித்து ஓட்டையில் திணித்து, பலகை ஒன்றை வைத்து அடித்தான். நடுவில் சுத்தியல் விரலில் பட்டபோது அவன் சொன்ன வார்த்தை மூன்று சாப்களையும் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்தது. இறங்கி வந்து டீயை வாங்கி, களைப்பில் கோப்பையைப் பார்த்து நன்றி சொன்னான். சொல்லிவிட்டு, தப்பு செய்துவிட்டோம் என்று தெரிந்து அப்படியே நின்றான்.

"விடு சிரில்" என்றாள் எனிட். "சாப்போட ஒரு டீ குடிக்கலாம். வீட்டுக்கு ஒரு ப்ளோக்தான் வேணும்."

இது என்ன பேச்சு என்று அவனுக்குப் புரிய இரண்டு நாள் ஆயிற்று. புரிந்ததும் குளித்துவிட்டு வந்தான். 1960 மே மாதம் புனித மைக்கேல் கோயிலில் கல்யாணம். நடத்தி வைத்தவர் விண்டர்போர்ன்தான். மோதிரத்தைக் கீழே போட்டுவிட்டு, மோதிரத்திடமும் மணமகளிடமும் மன்னிப்புக் கேட்டார். கெட்ஜ் ஒரு பன்றித் தொடை அனுப்பினார். அட்டையில் எதுவும் எழுதவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகும் எனிட் கவுண்டரில்தான் நின்றாள். ஆனால் வருகிறவர்களை வகை பிரிப்பது கஷ்டமாகிக்கொண்டே வந்தது. முதலில் தொப்பி போயிற்று. தொப்பியே போடாதவன் எதைக் கழற்றுவான்? ஜென்ட் என்பது கழிப்பறைக் கதவில் மட்டும் மிஞ்சியது. பிறகு சாப் என்ற வார்த்தைக்கு ஏதோ ஆகிவிட்டது. அப்படிப் பேசுகிறவர்களைத் தொலைக்காட்சியில் நையாண்டி செய்தார்கள். ஒருமுறை இளம் கார்டு ஒருவனைக் காட்டி, அந்தச் சாப்பிடம் கேளுங்கள் என்று ஒரு பயணியிடம் எனிட் நல்ல மனதோடு சொன்னாள். அவன் கவுண்டருக்கு வந்து, நான் என்ன கர்னலா, என்னைப் பார்த்தால் நரி வேட்டைக்குப் போகிறவன் மாதிரியா இருக்கிறது என்று சண்டை பிடித்தான். வேறென்ன சொல்லட்டும் என்று கேட்டாள். மேட் என்று சொல்லுங்கள், சிநேகிதன் என்றுதானே பொருள் என்றான். அவள் அவனைவிட முப்பது வயது மூத்தவள். அவனோடு அவளுக்கு எந்தச் சிநேகிதமும் இல்லை.

எல்லாவற்றையும்விட மோசம் 1985இல் நடந்தது. கல்யாண வெள்ளிவிழாவுக்கு லண்டனிலிருந்து சிரிலின் அக்கா மகன் டேரன் வந்திருந்தான். கண்ணாடிக் கோப்பையைத் தூக்கிப் பிடித்து, அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "எங்க மாமா மாதிரி ஒரு அசல் கீஸரை நீங்க பாக்கவே முடியாது" என்றான். எனிட் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். லண்டனில் இப்போது அதுதான் பெரிய பாராட்டு, நிமிர்ந்து நிற்கிற, நம்பலாம் என்கிற ஆளைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று டேரன் கதவுக்கு வெளியே நின்று விளக்கினான். கரண்டியைக் கோப்பைக்குள் விட்டுக் குடிக்கிறவனைப் பாராட்டுகிற ஊர் எனக்குத் தெரிய வேண்டாம் என்று உள்ளிருந்து பதில் வந்தது. கிறிஸ்துமஸ் வரை அவனோடு பேசவில்லை. சிரிலுக்கு மட்டும் உள்ளூர சந்தோஷம். கொஞ்ச நாள் கண்ணாடி முன்னால் சற்று நிமிர்ந்து நின்றான்.

பிறகு 1996. எனிட்டுக்கு எழுபத்தைந்து, சிரிலுக்கு எழுபத்தெட்டு. சந்தைத் தெருவில் புதிதாகத் திறந்த தேநீர் விடுதிக்குப் போனார்கள். பரிமாற வந்த பெண்ணுக்குப் பத்தொன்பது வயது இருக்கும், பெயர் கெர்ரி-ஆன். சிரித்த முகத்தோடு வந்து, "கைஸ், என்ன சாப்பிடறீங்க?" என்று கேட்டாள்.

எனிட் தன் கைகளைப் பார்க்கவில்லை. நமக்குத்தான் அந்தக் குழப்பம் வரும். அவளுக்கு வேறு குழப்பம். கை என்றால் அவள் அறிந்தவரை, நவம்பர் ஐந்தாம் தேதி பிள்ளைகள் பழைய கால்சட்டையில் வைக்கோல் திணித்து, தெருவில் இழுத்துக்கொண்டு போய், சொக்கப்பனையில் போட்டுக் கொளுத்துகிற பொம்மை.

"யாரைம்மா சொல்றே?"

"உங்க ரெண்டு பேரையும்தாங்க."

"நான் பொம்பளை."

"பரவாயில்லைங்க. எல்லாரையும் அப்படித்தான் சொல்வேன். எங்கம்மாவை, எங்க டீச்சரை, எங்க வீட்டு நாயைக் கூட."

எனிட் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் ஸ்கோனும் ஜாமும் ஒரு கெட்டில் டீயும் சொன்னாள். அந்தப் பெண் அடுத்த மேஜைக்குப் போய், அங்கே இருந்த நாலு கிழவிகளையும் கைஸ் என்றாள். ஜன்னலோரம் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தவரையும், ஒற்றை ஆள்தான், கைஸ் என்றாள். எனிட் அவள் போகிற பக்கமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படி ஒரு வார்த்தை அந்தக் காலத்தில் தன்னிடம் இருந்திருந்தால் வேலை எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும் என்று தோன்றியது. யாரையும் நிமிர்ந்து பார்க்கவே வேண்டியிருந்திருக்காது. அது நல்லதா கெட்டதா என்று யோசித்துக்கொண்டே டீயை ஊற்றினாள். யோசித்து முடித்துத் தட்டைப் பார்த்தபோது சிரில் அவளுடைய ஸ்கோனையும் சேர்த்துச் சாப்பிட்டு முடித்து, மீசையில் ஜாமோடு, பில்லைக் கொண்டுவரச் சொல்லலாமா என்று கேட்டான்.